ஆட்டுக்கல் இல்லாத வீடு

"மேல யாரும் தண்ணி திறக்காதீங்க. கொஞ்ச நேரம் யாரும் திறக்காதீங்க."

படிக்கட்டுக்கு அடியில் நின்று பெய்யுன் கத்தினாள். கையில் அப்பாவின் சுத்தியல் இருந்தது. அதைக் கீழே வைக்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஆம்புலன்ஸ் அப்போதுதான் சந்துமுனை திரும்பிப் போயிருந்தது. உள்ளே அண்ணி யாசின் படுத்திருந்தாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏறும்போது அம்மாவின் ஒரு காலில் வீட்டுச் செருப்பும் இன்னொரு காலில் வெளிச் செருப்பும் கிடந்தன. சொல்வதா வேண்டாமா என்று பெய்யுன் யோசிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பின்னால் சமையலறையில், உடைத்த தரைக்குள்ளிருந்து கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கடைக் குழியின் இரும்பு மூடியைப் பழையபடி பொருத்தலாம் என்று சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். அது உட்காரவில்லை. அப்போதுதான் படிக்கட்டுக்கு ஓடி வந்தாள்.

மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. சியு அத்தை எட்டிப் பார்த்தாள்.

"யாரு, லியாவ் வீட்டுப் பொண்ணா? ஏன்டி இந்தக் கத்து கத்துற?"

"அத்தை, வாஷிங் மெஷின நிறுத்துங்க. தண்ணி பூரா எங்க வீட்டுக்குள்ள வருது."

"அது அலசிக்கிட்டு இருக்கு. நடுவுல நிறுத்துனா சோப்பு அப்படியே துணியில நிக்கும்."

"நிறுத்துங்க அத்தை."

"இத்தன வருசமா ஒழுங்காப் போன தண்ணிதான? அது சரி, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சே, உங்கப்பாவா? வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு வேல பாக்காதய்யான்னு சொன்னா அந்த மனுசன்..."

"அப்பா இல்ல. அண்ணி."

மேலே மெஷின் சத்தம் நின்றது.

"எத்தன மாசம்?" என்றாள் சியு அத்தை, இறங்கிப்போன குரலில்.

"ஏழு முடிஞ்சிருச்சு."

"நீ போ. நாலாம் மாடிக்காரன்ட்ட நான் சொல்லிக்கிறேன். அவன் குளிக்கப் போனா ஆத்துல எரும எறங்குன மாதிரி, லேசுல ஏற மாட்டான்."

வேறு நாளாயிருந்தால் பெய்யுன் சிரித்திருப்பாள். சமையலறைக்குத் திரும்பினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. பக்கெட்டை எடுத்து மொண்டு, முன்வாசல் வழியாகக் கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் முன்னறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது, அண்ணி உட்கார்ந்திருந்த நாற்காலி. அதைப் பார்க்காமல் போனாள். திரும்பும்போதும் பார்க்காமல் வந்தாள்.

சான்ச்சோங் நகரில் அந்தத் தெரு முழுக்கப் பின்சந்தைத் தின்றுவிட்ட தெரு. தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று விட்ட சந்து. தரைத்தள வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் தகரம் போட்டு, சுவர் வைத்து, சமையலறை ஆக்கிக்கொண்டார்கள். பெய்யுன் நடக்கப் பழகிய காலத்தில் அவள் அப்பாவும் அதைச் செய்தார். அடுப்பைப் படுக்கை அறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புகையில் சாகமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா டைல்ஸ் மேஸ்திரி. அதனால் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸ் கற்களை எல்லாம் கொண்டுவந்து தரை போட்டார். ஒரு வரிசை வெள்ளை, ஒரு வரிசை பச்சைப் பூ, ஓரத்தில் ரோஸ். இன்னாருடைய குளியலறை, இன்னாருடைய பல் ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு கல்லுக்கும் அப்பாவிடம் பெயர் உண்டு. நடுவில் மட்டும் சாம்பல் கல். நாலு மாடித் தண்ணீரும் வந்து விழுகிற சாக்கடைக் குழியின் மூடி அதற்குக் கீழேதான் இருந்தது. மூடிக்கு மேல் சிமெண்ட் பூசி, மட்டம் பார்த்து, கல் ஒட்டிவிட்டார். ரப்பர் செருப்பு வழுக்காத நல்ல தரை என்று அம்மாவுக்குப் பெருமை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அப்பா வேலை முடிந்து வந்து, பின்பக்கக் குழாயடியில் கரணையையும் பக்கெட்டையும் கழுவினார். கலங்கல் தண்ணீர் தரைஜாலி வழியாக உள்ளே போனது.

"வெளிய போய்க் கழுவு" என்பாள் அம்மா.

"வெறும் தண்ணிதான், விடு" என்பார் அப்பா.

இந்தக் கோடை தொடங்கியதும் அந்த வெறும் தண்ணி திரும்பி வந்தது. முதலில் பாத்திரம் கழுவும்போது ஜாலியில் குமிழ் விட்டது. பிறகு அவர்கள் கழுவாதபோதும் ஏறியது. சோயா மொச்சைத் தோல், கீரைத் தண்டு, சேமியா என்று யார் வீட்டுச் சாப்பாடோ அவர்கள் தரையில் மிதந்தது.

"நாலாம் மாடியில இன்னைக்கும் பாக்கெட் நூடுல்ஸ்தான்" என்றாள் அம்மா, துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே. "பொண்டாட்டி போனதுலேர்ந்து அந்த ஆளு வேற எதையும் திங்கறதில்ல போல. ஒரு முட்டையாவது ஒடச்சு ஊத்திக்கலாம்."

பிளம்பர் வந்தார். வாயில் வெற்றிலைபாக்கு. ஜாலியைக் கழற்றி ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுற்றினார். கம்பி கொஞ்ச தூரம் போய் டக்கென்று நின்றது. இழுத்து, மறுபடி விட்டார். அதே இடத்தில் நின்றது.

"இது தலைமுடியும் இல்ல, எண்ணெயும் இல்ல. கல்லு" என்றார். "சிமெண்டுத் தண்ணி எறங்கி எறங்கி உள்ளயே கட்டிருச்சு. குழியத் தொறந்து அந்தப் பக்கத்துலேர்ந்து கொத்தணும். குழி எங்க?"

அப்பா மோவாயால் தரையைக் காட்டினார்.

"மேல டைல்ஸ் போட்டாச்சா? மேஸ்திரி யாரு?"

"நான்தான்."

பிளம்பர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்ல வேல. ஒரு கல்லுகூட ஆடல." உளியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து யாசின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்தாள். பிளம்பர் உளியைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"மொதல்லயே சொல்ல மாட்டீங்களா? மாசமா இருக்கற பொண்ண வெச்சுக்கிட்டுத் தரைய ஒடைக்கச் சொல்றீங்க. எங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கு. பொறந்து ஒரு மாசம் போகட்டும், நானே வர்றேன்."

அவர் சொல்லாவிட்டாலும் அம்மா விட்டிருக்க மாட்டாள். யாசினுக்கு நாள் தள்ளியதிலிருந்தே வீட்டில் ஆணி அடிப்பது நின்றுவிட்டது. கட்டிலை நகர்த்தக்கூடாது. படுக்கையில் கத்தரிக்கோல் வைக்கக்கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கென்று இருக்கிற கருச்சாமி வீட்டுக்குள் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் அடித்தால் அடி பிள்ளைக்கு விழும். எந்த நாள் எந்த இடம் என்பது நாள்காட்டியிலேயே இருக்கும். தேதிக்குக் கீழே, முடி வெட்டலாம், பயணம் ஆகாது என்ற வரிகளுக்கும் கீழே, பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

"அப்ப சமையலறையில இல்லாத நாளாப் பாத்து ஒடைக்கலாம்ல?" என்று யாசின் கேட்டாள்.

"அது நடமாடற சாமி. காலண்டர்ல ஒரு எடம் போட்டிருக்கும். நாம டமார் டமார்னு அடிச்சா எங்கேர்ந்து வேணாலும் திரும்பிப் பாக்கும். என் சின்ன நாத்தனார் வீட்ல செவுத்துல ஓட்ட போட்டாங்க. பிள்ள காதுல ஓட்டையோட பொறந்துச்சு."

"பரவால்ல, கம்மல் போடறது சுலபம்."

"உனக்கு எல்லாம் வெளையாட்டு" என்று அம்மா வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு யாசினுக்கென்று தனியாக முள்ளங்கி போட்டு முட்டை பொரித்தாள்.

பாத்திரங்களை முன்வாசலில் தெருவோரமாக வைத்துக் கழுவினார்கள். குளித்தால் தலை நனைந்ததும் குழாயை மூடிக்கொண்டார்கள். சமையலறை ஜாலியைத் துணியால் அடைத்து, மேலே அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார் அப்பா. அப்படியும் நாற்றம் வந்தது. வெயில் ஏற ஏற அழுகிய முட்டைக்கோஸ் வாசம் கட்டில்வரை வந்தது. யாசின் காலையில் குடித்த கஞ்சியை மதியத்துக்குள் வாந்தி எடுத்தாள். அண்ணன் கிழக்குக் கரையில் பாலம் கட்டும் வேலைக்குப் போயிருந்தான். போனில் வந்தால், "கொஞ்சம் பொறுத்துக்க" என்பான். "நீ இங்க வந்து மோந்து பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்பாள் யாசின்.

பெய்யுனுக்குக் கோடை லீவு. தேதியும் கிழமையும் மறந்துபோன நாட்கள். பகலில் அம்மா சந்துமுனையில் இருந்த சாப்பாட்டுப் பொட்டலக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவாள். வீட்டில் அண்ணியும் நாத்தனாரும்தான். ஒரே மின்விசிறிக்கு முன்னால் படுத்திருப்பார்கள்.

அன்று யாசின் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். பக்கெட்டைக் கழுவி வந்த பெய்யுனிடம் சொன்னாள்:

"ஏய், அந்தக் காலண்டர்ல இன்னைக்கு உங்க சாமி எங்க ஒக்காந்திருக்குன்னு பாரேன்."

நாள்காட்டி சமையலறைக்குப் போகிற வாசலுக்கு மேல் தொங்கியது. பெய்யுன் எக்கிப் படித்தாள். "உரல், ஆட்டுக்கல்னு போட்டிருக்கு."

"என்ன, ஆட்டுக்கல்லா?" யாசின் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆட்டுக்கல் இல்லாத வீட்டுல அது எங்க போய் ஒக்காரும்?"

"சோயாப்பால் அரைக்கற மெஷின்லயோ என்னவோ."

"அப்ப அத மாடிப்படியில கொண்டுபோய் வெச்சுட்டு வா."

பெய்யுன் நிஜமாகவே தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். திரும்பி வரும்போது இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. யாசின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத, ஒண்ணுக்கு வருது" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஒடச்சுரு பெய்யுன். மூடியத் தொறந்து வெச்சுட்டா உங்கப்பா வந்து மிச்சத்தப் பாத்துக்குவாரு. ஒடச்சதுக்கப்புறம் என்ன பண்ணுவாங்க, திரும்பி ஒட்டவா போறாங்க? நாத்தத்துல என்னால மூச்சு விட முடியல. இதுல உள்ள இருக்கறது மட்டும் எப்படி மூச்சு விடும்?"

"அம்மா கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு. உங்கம்மா என்னை அடிக்க முடியாதுல்ல, சாமி பாத்துக்கிட்டு இருக்கே."

சாம்பல் கல் சுலபத்தில் உடையவில்லை. அப்பா போட்ட கல். உளியை ஓரத்தில் வைத்து அடித்தாள். தெறித்த சில்லு முழங்காலில் பட்டது. நடுவில் அடித்ததும் விரிசல் விட்டது. அதற்குக் கீழே சிமெண்ட், அதைப் பெயர்க்கப் பெயர்க்கத் துருப்பிடித்த இரும்பு. உளியை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டதும் நாற்றம் முகத்தில் அறைந்தது.

"அண்ணி, தெரியுது."

யாசின் வாசற்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஐயோ சாமி. இதுக்கு மேலயா நாம சமைச்சு சாப்ட்டோம்" என்றாள். அப்புறம், "இரு, வர்றேன்" என்று முன்னறைக்குப் போனாள். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, எந்தப் பதற்றமும் இல்லாமல், "பெய்யுன், உங்கம்மாவக் கூப்பிடு" என்றாள்.

பெய்யுன் போனாள். நாற்காலியிலிருந்து தரைக்கு ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா கடை ஏப்ரனோடு ஓடிவந்தாள். சமையலறைப் பக்கம் அவள் போகவே இல்லை. ஆம்புலன்ஸ்காரன் தன் கையுறையில் பேனாவால் எழுதிக்கொண்டே கேட்டான்.

"எப்ப நாள் குடுத்திருக்காங்க?"

"செப்டம்பர் கடைசி" என்றாள் அம்மா.

"இன்னைக்கு ஜூலை பதினெட்டு" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினான்.

பெய்யுன் நிமிர்ந்து பார்த்தாள். நாள்காட்டியில் பதினேழு இருந்தது.

தாள் கிழிப்பது அப்பாவின் வேலை. பல் துலக்கிக்கொண்டே கிழிப்பார். அன்று தாவ்யுவான் ஊரில் வேலை என்று விடியும் முன்னே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மற்ற யாரும் அதைத் தொடுவதில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவள் பதினேழைத் தூக்கி அடியில் இருந்ததைப் படித்தாள். சமையலறை, அடுப்பு, கக்கூஸ். மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை. பதினேழைக் கிழித்து, நாலாக மடித்து, டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பொழுது சாயும் நேரத்து மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். அம்மா போனில் சொல்லியிருந்தாள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், உள்ளே ஒருவருக்குமேல் விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மழைக்கோட்டைக் கழற்றாமலேயே வந்து சமையலறை வாசலில் நின்றார். பெய்யுன் பக்கெட்டோடு நின்றாள். உடைந்த சாம்பல் கல், தூக்கிய மூடி, கறுப்புத் தண்ணீர் என்று அவர் கண் வரிசையாகப் போய், கடைசியில் வாசலுக்கு மேலே பதினெட்டு காட்டிய நாள்காட்டியில் வந்து நின்றது.

"நான் காலையில கிழிக்கலையே" என்றார்.

பெய்யுன் பக்கெட்டைக் கீழே வைத்தாள். அப்பா மழைக்கோட்டை ஆணியில் மாட்டினார். கால்சட்டையை மடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்து, மூடியை ஒரே நெம்பில் புரட்டினார். தோள்வரை கையை உள்ளே விட்டுத் தடவினார். பிறகு நீள உளியை அவளிடம் வாங்கி, தண்ணீருக்கு அடியிலேயே, கண் பார்க்காமல், கைக்கணக்கில் கொத்தினார். சத்தம் மொத்தையாக வந்தது. பெய்யுன் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடினாள். இனி மூடி என்ன, மூடாமல் என்ன என்று தோன்றியதும் திறந்தே வைத்திருந்தாள்.

ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. நாக்கு மாதிரி நீளமாக இருந்தது. அடுக்கு அடுக்காகச் சாம்பல், வெள்ளை, நடுவில் லேசான ரோஸ். அப்பா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ரோஸ் அந்தப் பல் டாக்டர் வீட்டு வேல" என்றார். "கலர் சரியா வரலன்னு மூணு தடவ கலக்கச் சொன்னான்." துண்டைக் கீழே வைத்துவிட்டு, "என்னுதுதான். எல்லாம் என்னுதுதான்" என்றார்.

மறுபடி கொத்தினார். திடீரென்று குழி ஒரு பெரிய ஏப்பம் விட்டது. தரையில் நின்ற தண்ணீர் எல்லாம் சுழன்றுகொண்டு இறங்கியது. சேறும் டைல்ஸ் சில்லும் மட்டும் கிடந்தன. மேலே போய் சியு அத்தையிடம் சொல்லிவிட்டு வரச்சொன்னார். பெய்யுன் படியேறினாள். பாதிப் படியில் சோயாப்பால் மெஷின் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது.

"போயிருச்சா? அப்பாடா" என்றாள் சியு அத்தை. "பொண்ணுக்கு எப்படி இருக்கு? நீ ஏதாச்சும் சாப்ட்டியா? மொகம் ஏன்டி இப்படி இருக்கு?" கேட்டுக்கொண்டே உள்ளே போய், மூங்கில் இலையில் சுற்றிய சோறு இரண்டு கொண்டுவந்து கையில் திணித்தாள். "வீட்டுல ஏதும் ஆணிகீணி அடிச்சீங்களா?"

"இல்ல" என்றாள் பெய்யுன்.

கீழே வந்தபோது அப்பா கரணையையும் உளியையும் பக்கெட்டில் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்ததும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் போனார். வரும் வழியில் பிளாஸ்டிக் நாற்காலியையும் எடுத்துப்போய்த் தெருக் குழாயில் கழுவி, கவிழ்த்து வைத்தார். குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு சந்துக்குள் வந்தது. தெருவே பைகளோடு வெளியே வந்து நின்றது. அப்பா மட்டும் வெறுங்கையோடு நின்றார்.

உள்ளே வந்து சொன்னார்: "அம்மா கேட்டா நான் ஒடச்சேன்னு சொல்லு. போட்டது நானு, ஒடச்சதும் நானா இருக்கட்டும்."

"நீங்க தாவ்யுவான்ல இருந்தது அம்மாவுக்குத் தெரியும்ப்பா."

அப்பா மூங்கில் இலையைப் பிரித்துச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். பெய்யுனும் சாப்பிட்டாள். உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. வீட்டில் நாற்றம் இல்லை. அத்தனை நாளுக்குப் பிறகு மழை வாசமும் சோற்று வாசமும் மட்டும் இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. அம்மாவின் எண். ஆனால் பேசியது யாசின்.

"தண்ணி போயிருச்சா?"

"போயிருச்சு அண்ணி."

"நாத்தம்?"

"இல்ல." பெய்யுன் சுவரோடு ஒட்டி நின்றாள். "உங்களுக்கு எப்படி இருக்கு?"

"ஆடாம அசையாமப் படுக்கச் சொல்லிட்டாங்க. நஞ்சுக்கொடி கீழ எறங்கி இருக்காம். முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும், யாருக்கு வேணா வரும்னு டாக்டர் சொன்னாரு." குரல் தண்ணீர் கலந்த பால் மாதிரி இருந்தது. "ரத்தம் கொறஞ்சிருக்கு. நிக்கல. பிள்ளையோட நெஞ்சுத் துடிப்ப மெஷின்ல சத்தமாப் போட்டு விட்டிருக்காங்க. கேக்குதா ஒனக்கு?"

பெய்யுன் போனைக் காதோடு அழுத்தினாள். மழை சத்தம்தான் கேட்டது.

"கேக்குது" என்றாள்.

"அப்பப்ப மெதுவாயிடுது. அப்ப நர்ஸ் ஓடி வர்றா. உங்கம்மா எதுவும் பேசல. என் காலையே பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. ஒரு கால்ல ஒரு செருப்பு, இன்னொரு கால்ல வேற செருப்பு. இப்பத்தான் அவங்க வெளிய போனாங்க, அதான் கூப்ட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ எதையோ உருட்டிக்கொண்டு போனார்கள். பெய்யுன் காத்திருந்தாள். அண்ணி ஏதாவது கேலி பேசுவாள், சோயாப்பால் மெஷினை உள்ளே எடுத்து வெச்சியா என்று கேட்பாள் என்று நினைத்தாள். டவுசர் பைக்குள் கை தானாகப் போனது. தாள் நனைந்து கூழாகியிருந்தது.

"பெய்யுன்" என்றாள் யாசின், மிக மெதுவாக. "நீ நல்லாப் பாத்துட்டுத்தானே சொன்ன? இன்னைக்கு ஆட்டுக்கல்லுதானே?"